நாரே அம்மாவின் முதல் சாவு

நாரேவுக்குப் பெரிய பரிசு வாங்கிக் கொடுத்த கட்டுரையில் அவளுடைய அம்மா செத்துப்போயிருந்தாள். நிஜத்தில், பரிசளிப்பு விழாவன்று காலையில் அந்த அம்மா என் கடை நாற்காலியில் உட்கார்ந்து முடி சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டிவிட்டவள் நான்தான். தென்கொரியாவில் மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் வந்து, முடி வெட்டுகிற ஒக்சிம் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

எங்கள் சந்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சொந்தப் பெயர் தங்காது. பிள்ளைக்கு என்ன பெயரோ, அந்தப் பிள்ளையின் அம்மா, அவ்வளவுதான். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் என் பெயர் பிழைத்தது. பக்கத்தில் மாட்டெலும்பு சூப்புக் கடை வைத்திருந்த மல்சுன் அக்காவை யாரும் மல்சுன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் நாரே அம்மா. கடைப் பலகையிலும் நாரே சூப்புக் கடை என்றுதான் எழுதியிருந்தது. நாரேவின் அப்பன் கணவாய் பிடிக்கிற கப்பலில் போனவன். கடல் அவனைக் கொண்டுபோகவில்லை, பூசானில் ஒருத்தி கொண்டுபோனாள். அந்த வெட்கங்கெட்டவன் பேச்சு நமக்கு எதற்கு, விடுங்கள்.

நாரே இன்று எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்குகிறாள். எவனாவது அம்மா சாகிற கதையோடு வந்தால், “உங்கம்மா இப்ப என்ன பண்றாங்க? போய்ப் பார்த்துட்டு வந்து எழுது” என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராக என் கடைக்குத்தான் வருவாள். சூப்புக் கடையில் உட்கார இடம் இருக்காது. என் கடை சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, முதலில் சினிமாக்காரிகள் படம் போட்ட பத்திரிகைகளைப் படித்தாள். பிறகு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன நாவல்களைப் படித்தாள். அப்புறம் நூலகத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஒருநாள் பார்த்தால் பொலபொலவென்று கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

“என்னடி, யாரு செத்தா?” என்றேன்.

“யாரும் சாகலை சின்னம்மா. ஒருத்தி வெங்காயம் உரிக்கிறா. அவ்ளோதான்.”

“அதுக்கா அழற? பைத்தியம்! உங்கம்மா தினம் ஒரு மூட்டை உரிக்கிறா, போய் அங்க அழு.”

என் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “எனக்கும் இந்த மாதிரி ஒரு பக்கம் எழுதணும் சின்னம்மா. அதுல யாரும் சாகக்கூடாது. ஆனா படிக்கிறவங்களுக்குத் தொண்டை அடைக்கணும்” என்றாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் அவள் சொன்ன விதம் மனதில் நின்றுவிட்டது.

கணக்கில் அவள் வாங்குகிற மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. கல்லூரிக்குப் போக அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. வசந்த காலத்தில் பல்கலைக்கழகங்கள் திறந்தவெளி எழுத்துப் போட்டி நடத்தும். பிள்ளைகள் மரத்தடியில் பாய் விரித்து உட்காருவார்கள். முத்திரை குத்திய தாளைக் கொடுத்து, மேடையில் சுருட்டி வைத்திருக்கும் துணியை அவிழ்ப்பார்கள். அதில் ஒரே ஒரு சொல் இருக்கும். அதை வைத்து, தன் வாழ்க்கையில் நடந்ததை அங்கேயே கட்டுரையாக எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமைப் பரிசு வாங்கினால் இலக்கியத் துறையில் இடம் கிடைக்கும். நாரே ஒவ்வொரு போட்டிக்கும் போனாள். அம்மா எலும்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு ரத்தம் போகக் கழுவுவதை எழுதினாள். உப்பில் வெடித்த விரல்களை எழுதினாள். ஒரு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் பக்கத்து நகரமான குவாங்ஜுவில் ஒரு எழுத்துப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தாள். சூப்பு விற்ற காசெல்லாம் அங்கேதான் போயிற்று. அங்கிருந்த வாத்தியார் அவள் கட்டுரையின் அடியில் சிவப்பு மையில் ‘யாருமே சாகவில்லையே’ என்று எழுதிக் கொடுத்தானாம்.

“நடுவருங்க ஒரே நாள்ல மலை மாதிரி படிக்கிறாங்க. எலும்பு கழுவுறதைப் படிச்சுட்டு எவன் நிமிர்ந்து உட்காருவான்? முதல் பக்கத்துலயே அம்மாவை மேல அனுப்பிடு. கதையை வீட்லயே தயார் பண்ணி மனப்பாடமா வெச்சுக்க. தலைப்பு பாலம்னு வந்தா நடுவுல ஒரு பாலத்தைச் செருகு, ஜன்னல்னு வந்தா ஜன்னலைச் செருகு” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். நாசமாய்ப் போகிறவன்! அவனிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு சாவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போட்டிக்குப் போனார்களாம். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் துணியை அவிழ்த்தபோது ‘குடை’ என்று இருந்தது. நாரே குடையைச் செருகினாள். தலைமைப் பரிசு கிடைத்தது.

அக்காவைப் பிடிக்க முடியவில்லை. சந்து முழுக்கச் சும்மா சூப்பு ஊற்றினாள். ‘நாரே சூப்புக் கடை மகள் நாரேவுக்குத் தலைமைப் பரிசு’ என்று பெரிய துணிப் பதாகை எழுதி வாங்கிவந்து, ஒரு முனையை என் கடை ஜன்னலில்தான் கட்டினாள்.

“என்னடி எழுதின?” என்று மகளைக் கேட்டாள்.

“குடையைப் பத்திம்மா.”

“குடைக்கா இவ்வளவு பெரிய பரிசு! நம்ம கடையில மறந்துட்டுப் போன குடையே ஒரு கூடை கிடக்கு, அதையெல்லாம் நீ பார்த்துட்டுத்தானடி இருந்த?”

நாரே அவள் முகத்தைப் பார்க்காமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். விழாவுக்கு வர வேண்டாம் என்றும் சொன்னாள். “சும்மா ஒரு தாளைக் கொடுப்பாங்கம்மா. அதுக்குப் போய்க் கடையை மூடுவாங்களா?” என்றாள்.

“கூச்சப்படுது பாரு” என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் கடையை மூடியதே இல்லை. அன்று மூடினாள். விடிந்ததும் என்னிடம் வந்து முடி சுருட்டிக்கொண்டாள். ஊதா நிறத்தில் புது ஜாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் நான் அவளை ஒரு படம் எடுத்தேன். பல் தெரியச் சிரித்து, உடனே வாயைப் பொத்தப் போனாள். “கையை இறக்கு அக்கா, லட்சணமாத்தான் இருக்க” என்று அதட்டி எடுத்தேன். பரிசு வாங்குகிறவள் நம் பிள்ளைதானே என்று எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மண்டபத்தில் நாங்கள் பூங்கொத்தோடு முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். தலைமைப் பரிசு வாங்குகிறவர் தன் கட்டுரையை வாசிப்பது வழக்கமாம். நாரே மேடையேறி, தாளை விரித்து, நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. நிறுத்திவிடுவாள் என்றுதான் தோன்றியது. ஆனால் வாசித்தாள்.

அதில் ஒரு சூப்புக் கடைக்காரி இருந்தாள். பூண்டு வாசனை அடிக்கும் கைகள் இருந்தன. எலும்பு கழுவும் தண்ணீர் இருந்தது. அக்கா என் பக்கம் சாய்ந்து, “நான்டி!” என்று கிசுகிசுத்தாள். அடுத்த வரியில் அந்தச் சூப்புக் கடைக்காரி செத்துப்போனாள். அம்மா போன பிறகு, வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கு நடுவே அம்மாவின் குடையைத் தேடிக்கொண்டு ஒரு பெண் மழையில் நிற்கிறாள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை.

முடிந்ததும் தலைமை நடுவர் நேராக எங்களிடம் வந்தாள். பேராசிரியை ஹாம், போட்டி நடத்திய பல்கலைக்கழகத்திலேயே பாடம் சொல்பவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “சொந்தத் துக்கம்னா அதுல ஒரு வலு இருக்கத்தான் செய்யுது. நீங்க நாரேவுக்கு என்ன வேணும்?” என்று அக்காவைக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் இடுப்பில் கிள்ளினாள்.

“சித்திங்க. அவ அம்மா எனக்குக் கூடப் பிறந்த அக்கா.”

பேராசிரியை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒரு அக்காவை இழந்துட்டு எப்படித் தாங்கினீங்களோ” என்றாள். அக்கா குனிந்து வணங்கி, “இருக்கணும்ல, பிள்ளைக்காக” என்றாள். நாரே பக்கத்திலேயே பூங்கொத்தோடு நின்றாள். உதடு அசைந்தது. எங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

திரும்பும் பேருந்தில் அக்கா சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள், அதுவும் எனக்கு.

“விடுடி ஒக்சிம். செத்துட்டதா சொன்னா ஆயுசு கெட்டி. நல்லாத்தான் எழுதியிருக்கா. அந்தப் பொண்ணு மழையில நிக்கிற இடத்துல எனக்கே அழுகை வந்துருச்சு. செத்தது நான்தான்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: “ஏன்டி, உயிரோட இருக்கிற அம்மாவுக்குப் பரிசு தரமாட்டாங்களா?”



வீட்டுக்கு வந்து நாரே மண்டியிட்டு அழுதாள். “எந்திரி” என்றாள் அக்கா. “சீட்டு கைக்கு வந்தாச்சு. இப்பப் போய் வாயைத் திறந்து கெடுத்துக்காத. பட்டத்தை வாங்கு, அன்னிக்கு நான் உயிரோட வரேன்.” பல்கலைக்கழக ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்து பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, அன்றைக்கே பதாகையைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.

சொன்னபடியே நின்றாள். நாரே படித்த காலம் முழுக்க அக்கா அந்தக் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. அக்கா முட்டைக்கோஸில் காரம் தடவி ஊறவைத்த கிம்ச்சி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். அக்காவைச் சித்தி என்றே நம்பிய கூடப் படித்த பிள்ளைகள், “உங்க சித்தி கிம்ச்சி பிரமாதம்” என்று வழித்துத் தின்றார்கள். நாரே தலையாட்டுவாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கை எழாது. அவளால் எழுத முடியாமல் போயிருந்தது. எதை ஆரம்பித்தாலும் இரண்டாம் பக்கத்தில் யாராவது செத்துவிடுகிறார்கள் என்றாள்.

ஒரு விடுமுறையில் என் கடை சோபாவில் பழையபடி காலை மடித்து உட்கார்ந்து சொன்னாள்: “அந்த வெங்காயம் உரிக்கிறவளைப் படிச்சு ஏன் அழுதேன்னு இப்பத்தான் புரியுது சின்னம்மா. எழுதினவங்க அவ பக்கத்துலயே உட்கார்ந்து, அவ உரிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்திருக்காங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். எலும்பு கழுவுறப்ப அம்மா பக்கத்துல இருந்தேன். அப்புறம் எந்திரிச்சு, படிச்சு அழுறவங்க பக்கம் போயிட்டேன்.”

“இதை என்கிட்ட ஏன்டி சொல்ற? அங்க போய்ச் சொல்லு.”

“அம்மா விடமாட்டேங்கிறாங்களே.”

“உங்கம்மா விடமாட்டா. நீ சொல்லணும்.”

“பட்டம் வாங்கினதும் சொல்றேன் சின்னம்மா. சத்தியமா.”

கடைசி வருஷம், பட்டமளிப்புக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, அக்கா கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆயுசு கெட்டி என்று சொன்னவள்.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக மருத்துவமனையிலேயே இருக்கும் கூடத்தில் படம் வைத்து, வெள்ளைச் செவ்வந்தி அடுக்கினோம். நல்ல படம் வேறு இல்லை, பேருந்து நிலையத்தில் நான் எடுத்ததைத்தான் பெரிதாக்கினோம். வாசல் பலகையில் மல்சுன் என்ற பெயரைப் பார்த்து எங்கள் சந்துக்காரர்களே, “இது யாரு?” என்று தடுமாறித்தான் உள்ளே வந்தார்கள். மீன்காரிகள் வந்தார்கள், படகுக்காரர்கள் வந்தார்கள். மகள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை. “படிச்ச பொண்ணு, ஒரு சிநேகிதிகூட இல்லையா?” என்று வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“யாருக்கும் சொல்லலையாடி?”

கறுப்புத் துக்க உடையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த நாரே என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என்னன்னு சொல்றது சின்னம்மா? அவங்களுக்கு எங்கம்மா எப்பவோ செத்துட்டாங்க.”

திட்ட வந்தவள் திட்ட முடியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கைபேசியை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். என்னிடம் நீட்டினாள்.

‘என் அம்மா மல்சுன் இன்று காலை இறந்துவிட்டார். முன்பு அவர் இறந்ததாக நான் எழுதியது பொய். மொக்போவில் சூப்புக் கடை வைத்திருந்தார். கிம்ச்சி அனுப்பியது அவர்தான்.’

“இதுல எங்கயாவது அழகு பண்ணியிருக்கேனா, பாருங்க.”

“இல்லைடி.”

“பட்டம் போனாப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு, கூடப் படிக்கிறவர்கள், பேராசிரியை எல்லோருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் மதியம் அவர்கள் வந்தார்கள். கூடப் படித்த பிள்ளைகள் வரிசையாக வந்து வணங்கினார்கள். கிம்ச்சியைப் புகழ்ந்த ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாள். கடைசியில் பேராசிரியை ஹாம் வந்தாள். ஊதுவத்தி கொளுத்தி, வணங்க நிமிர்ந்தவள் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். சுருட்டின முடி, ஊதா ஜாக்கெட், மறைக்க விடாமல் நான் பிடித்த அந்தச் சிரிப்பு.

“இவங்களா?” என்றாள். “அன்னிக்கு இவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, இவங்க சாவுக்கு இவங்ககிட்டயே துக்கம் விசாரிச்சேனே!”

நாரே எழுந்து நின்றாள்.

“ஆமாங்க. எங்கம்மா” என்றாள். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் சந்துக்காரர்கள் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி, அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.