பழைய மைதானத்துக்காக நின்ற குகதாசன் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது மலர் அக்கா அழைத்தார். "தம்பி, இவர் விடிய ஆறு மணிக்குப் போயிட்டார்" என்றார். அடுத்த தரிப்பில் இறங்கி நின்றேன். எங்கள் பேஸ்போல் குழுவில் எட்டு ஆண்டுகளாக நான் எறிந்த பந்தைப் பிடித்தவர் அவருடைய கணவர் குகதாசன் அண்ணை.

ஊரில் பள்ளிக்கூடத்துக்காக, பேஸ்போல் மாதிரியான எல்லே ஆட்டம் அடித்தவர். ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. அந்த நகரத்தின் அம்மருட்டில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த சரளை மைதானத்தில் சனிக்கிழமைகளில் எங்களை ஒன்றுசேர்த்தவர் அவரே. விழுந்தால் முழங்கால் உரியும். ஆனாலும் பல்கனிகளில் தேத்தண்ணியோடு சனம் நின்று கைதட்டும்.

பிறகு நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் புல்தரையும் உடைமாற்றும் அறையும் உள்ள புது மைதானம் கிடைத்தது. அண்ணைக்குச் சம்மதமில்லை. "கார் இல்லாத ஆறு பேர் இருக்கினம். அவையள் வராமல் விட்டால் பிறகென்ன குழு?" என்று கேட்டார். நான் அவர் பக்கந்தான் என்று வாக்குக் கொடுத்தேன்.

துண்டுச் சீட்டில் எழுதி வாக்கெடுத்தோம். ஒரே வாக்கால் பழைய மைதானம் தோற்றது. சீட்டுகளைப் பிரித்து எண்ணியவர் அண்ணை. முகம் மாறாமல், "புதுசுதான். சரி, கோடு போடுற சுண்ணாம்பை ஆர் ஏத்துறது?" என்றார்.

அந்த ஒரு வாக்கு என்னுடையது. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்தேன். புது மைதானம் நடந்துபோகும் தூரம்.

முதல் ஆட்டத்தன்று தன் பழைய காரில் மூன்று மூன்று பேராக, இரண்டு தடவை ஓடி, அந்த ஆறு பேரையும் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படியே. ஒருவர்கூடக் குழுவை விட்டு விலகவில்லை. அந்த முதல் ஆட்டத்தில் என் பந்துகள் கண்டபடி போயின. ஒவ்வொன்றையும் தேடியெடுத்து வந்து என் கையில் தந்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், "அண்ணை, அந்த வாக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும். ஸ்கோர் எழுதுறது நீதானே. உன்ரை எழுத்து எனக்குத் தெரியாதே?"

"ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் வெக்கத்திலை வராமல் விட்டிருப்பாய். பிறகு ஏழாவது ஆளா உன்னையும் நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்."

சிரித்தார். இருமல் அடங்கியதும், "எனக்குப் பதிலா நிக்கிறவனுக்கும் ஒழுங்காப் போடு" என்றார்.

வரும் சனிக்கிழமை என் பந்தைப் பிடிக்க உங்கள் இடத்தில் ரஞ்சன் குந்தியிருப்பார், அண்ணை. அவருக்குக் கை இன்னும் பழகவில்லை. மெதுவாகவே தொடங்குகிறேன். நீங்கள் அமைதியாக இளைப்பாறுங்கள்.