உள்ளறையில் ஒரு மவுத்

“பட்டத்த வச்சிக் கூரை போடலாமா புள்ள?”

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதைச் சொல்லப் போன என்னிடம் உம்மாவின் தம்பி கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எதற்கும் பதில் வைத்திருப்பவள். எங்களுக்கு ஏன் சொந்தமாக ஒரு கூரை இல்லை என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்முனையில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. கல்யாணத்தின்போது உம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். சுனாமி அந்த வீட்டின் சுவர்களை விட்டுவிட்டு, கடற்கரையில் வாப்பாவின் தோணியோரம் விளையாடிக்கொண்டிருந்த என் மூன்று வயதுத் தம்பியை எடுத்துக்கொண்டது. அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் வாப்பா கடலுக்குப் போகவில்லை. வீட்டை விற்று, லொறி வாங்கி நெல் ஏற்றப் போவதாகச் சொன்னார். உம்மா மறுக்கவில்லை. வாப்பாவை எதிர்த்து அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் குமர்ப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஆண்கள் விறாந்தையில் வாப்பாவோடு இருந்து கதைப்பார்கள். பெண்கள் பக்கவாசலால் நேரே குசினிக்குப் போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் போய் வந்தவள், தேத்தண்ணித் தட்டைத் தூக்கிய நான் மட்டும்தான். விறாந்தையில் எல்லாம் சரியாகிவிடும். “அல்ஹம்துலில்லாஹ், நல்ல ஊடு” என்று கைகொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாளே, “பொம்புளயளுக்கு மனமில்லயாம்” என்று சொல்லியனுப்புவார்கள். ஒரு வருடமாக இதே கதை.

மகளுக்கு எந்த அறை தோதுப்படும் என்று பெண்கள் உள்ளறையை எட்டிப் பார்க்கும்போது, உம்மா மீன் வெட்டுவதை நிறுத்தாமல் சொல்வார்:

“அதுக்குள்ளதான் ராத்தா என்ட மகன் மவுத்தானது. தண்ணி வரக்குள்ள கதவு இறுகிப் பெய்த்து. கதவத் தொறங்க உம்மா எண்டு தட்டினான். இப்பயும் சில நாளையில கேக்கும்.”

“யா அல்லாஹ்! எங்கட புள்ள பூனை கத்தினாலே போர்வைக்குள்ள பூருற ஆள்” என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். ஊற்றிய தேத்தண்ணி அப்படியே இருந்தது.

தம்பி இறந்தது அந்த அறையில் இல்லை. வீட்டில் அவன் பெயரைக்கூட எடுக்காத உம்மா, முன்பின் தெரியாதவர்களிடம் அவனைப் பற்றிப் பொய் சொல்வது எனக்குத் தாங்கவில்லை. பொய் எவ்வளவு பெரிய பாவம் என்று மதரஸாவில் அந்த வாரம்தான் சொல்லித் தந்திருந்தார்கள். வகுப்பில் நான் முதலாம் பிள்ளை வேறு. விடை தெரிந்தால் சும்மா இருக்க வராது.

ஒரு நாள் பகல், உம்மா கிணற்றடியில் நிற்கும்போது, சோற்றைப் பிசைந்தபடி வாப்பா கேட்டார்: “இந்த ஊட்டுக்கு என்ன கேடு புடிச்சிரிக்கி? ஒருத்தனும் திரும்பி வாறானில்ல.”

“எனக்குத் தெரியும் வாப்பா.”

கேட்ட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டவில்லை, ஏசவுமில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அடுத்த முறை ஆட்கள் வந்தபோது தன் தங்கையைக் கூட்டிவந்து குசினியில் இருத்தினார். உம்மா அன்றைக்கு மீனை மட்டும் வெட்டினார். வீடு இரண்டு கிழமைக்குள் போய்விட்டது. விற்பனை உறுதிப் பத்திரத்தில் உம்மா கைநாட்டு வைத்தார்.

லொறி இரண்டு வருடம்கூட ஓடவில்லை. பிறகு எல்லாம் வாடகை வீடுகள். சொன்னது யாரென்று உம்மா ஒருநாளும் கேட்கவில்லை. வாப்பாவும் சொல்லாமலே மவுத்தாகிவிட்டார்.

அந்த வீடு உம்மாவுக்குப் பிறகு எனக்கு வரவேண்டியது. முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாத பெண், இறந்த பிள்ளையை அந்த அறைக்குள் கொண்டுவந்து, இருக்கிற பிள்ளையின் வீட்டுக்குக் காவல் வைத்திருக்கிறார். ஆள் வந்த ஒவ்வொரு முறையும் அவனை மறுபடி சாகக் கொடுத்திருக்கிறார். ஒன்பது வயதில் எனக்கு அது வெறும் பொய்.

போன வெள்ளிக்கிழமை, ஆறாவது வாடகை வீட்டில் சாமான்களை இறக்கி முடித்த கையோடு பாயை விரித்து உம்மாவை இருக்கச் சொன்னேன். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“வாப்பாட்ட சொன்னது நான்தான் உம்மா.”