அம்மா பார்க்க வந்த ஊர்வலம்

ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடிக்குப் பயந்து நோர்வேப் படை வண்டியில் போன நாட்களில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. ஒஸ்லோவின் நடுத்தெருவில், ஜூன் மாத வெயிலில், பழைய சீருடையோடு பதாகையின் ஒரு கம்பைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தேன். தன்பாலீர்ப்பினரான நாங்களும் படையில் இருக்கிறோம், இனி ஒளிக்க மாட்டோம் என்று முன்னாள் படையினர் நாங்கள் எழுதிய பதாகை அது.

இதைப் பற்றி நோர்வீஜிய மொழியில் படை முகாம் முகாமாகப் போய்ப் பேசுகிறவள் நான். ஒரே அறையில் படுத்த தோழிகளுக்கு மறைத்து மறைத்து நான் பட்ட பாட்டைப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் பட வேண்டாம் என்று வாய் ஓயாமல் சொல்வேன். தமிழில் மட்டும் ஒரு சொல் வராது. தெரிந்தால் அம்மா என்னைத் தன் பிள்ளை இல்லை என்று விட்டுவிடுவார் என்ற பயம்.

அந்த வாரம் அம்மா தொலைபேசியில் கேட்டார்.

"ஏன் பிள்ளை, சனிக்கிழமை சாப்பிட வரேலாது?"

"சீருடையோடை ஒரு ஊர்வலம் இருக்கு அம்மா."

வாய் தவறி அவ்வளவுதான் சொன்னேன். நோர்வேயின் தேசிய நாளான மே பதினேழு என்றால் எங்கள் ஆட்கள் பட்டுச்சேலை உடுத்து, தெருவோரம் முண்டியடித்து, பள்ளிக்கூட ஊர்வலத்தில் தங்கள் பிள்ளையைத் தேடுகிறவர்கள். அம்மாவுக்கு ஊர்வலம் என்றால் அதுதான்.

முன்னால் ஏதோ தடங்கல். எங்கள் வரிசை நின்றது. திரும்பிப் பார்த்தால், நாலடி தள்ளித் தெருவோரத்தில் பச்சைப் பட்டுச்சேலையில் அம்மா! பக்கத்தில், புறநகரான லோறென்ஸ்கூக்கிலிருந்து அவரைக் கூட்டி வந்த சித்தி. அம்மா கை காட்டிச் சிரித்தார். பிறகு பதாகையை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார். வாசிக்கும்போது அவருக்கு உதடு அசையும். அசைந்த உதடு நின்றது. சிரிப்பும் நின்றது.

கம்பைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன், விட்டால் பதாகை சரிந்துவிடும் என்று பிடித்தபடியே நின்றேன்.

அவர்களுக்கு அருகில் நின்ற முன்பின் தெரியாத தமிழ்ப் பெண் ஒருவர், எங்கள் ஆட்கள் எங்கே கண்டாலும் கேட்கிற, யாருடைய பிள்ளை என்ற கேள்வியைக் கேட்டார்.

"உந்தச் சீருடைப் பிள்ளை எங்கடை ஆள் போலக் கிடக்கு. ஆற்றை பிள்ளை?"

சித்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். "அக்கா, வாங்கோ போவம்."

அம்மா அசையவில்லை. "என்ரை மூத்தவள்" என்றார்.

"அக்கா, அதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சிட்டுத்தான் சொல்லுறன்."