எட்டாம் நம்பர் புகை

நீலகிரியில் கிளென்மார்கனுக்கு மேலே பிராக்கன்மூர் தேயிலை எஸ்டேட்டில் நாச்சிமுத்து இருபத்தாறு வருஷமாக டீ மேக்கர். இலை வாட்டுவதிலிருந்து தூள் சலிப்பது வரை ஃபேக்டரியில் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல தூள் வந்தால் மண் நல்ல மண், மழை நல்ல மழை. கெட்ட தூள் வந்தால் மட்டும் அது நாச்சிமுத்துவின் தூள். ஒரே ஒரு தடவையாவது நல்ல தூளுக்குத் தன் பேரைச் சொல்ல மாட்டார்களா என்று அவருக்கு ஆசை. மனைவி அன்னக்கிளியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரமாவது வருஷத்தில் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனது. சுற்றுவட்டாரத்தில் நான்கு ஃபேக்டரிகளைப் பூட்டினார்கள். பிராக்கன்மூரில் வாரம் மூன்று நாள்தான் வேலை. அந்த நேரம் பார்த்து முதலாளி மகன் சுஜித் பிரான்ஸ் போய் ஞானம் பெற்றுத் திரும்பினார். அங்கே ஒரே சரிவில் விளைந்த திராட்சையைத் தனியாகப் பிழிந்து, அந்தச் சரிவின் பேரையே பாட்டிலில் ஒட்டி, யானை விலை குதிரை விலைக்கு விற்கிறார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே சரிவில் நட்ட எட்டாம் நம்பர் தேயிலைக் காடு மட்டும் எதில் குறைச்சல்? அந்த இலையை மட்டும் மெஷினில் தனியாக ஓட்டச் சொன்னார்.

"ஓட்டலாமுங்க. ஆனா டிரையர் அடுப்புக் குழாய் வெடிச்சிருக்குது. புகை தூள்ல ஏறுதுங்க. மூணு வருஷமா எழுதிக் குடுத்துட்டிருக்கறேன்" என்றார் நாச்சிமுத்து.

"பாத்துக்கலாம்" என்றார் சுஜித். அவருடைய அப்பாவும் மூன்று வருஷமாக இதையேதான் சொன்னார். பரம்பரைச் சொத்து அது.

ருசி பார்க்கும் நாள் வந்தது. சென்னையில் பெரிய ஓட்டல்களுக்கு ஒயின் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ராஜப்ரியா பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைத்தால் வருஷம் முழுக்க ஆர்டர். உதட்டைப் பிதுக்கினால் ஐந்தாவது பூட்டு இங்கே. பழைய மேனேஜர் விட்டுப்போன கோட்டுக்குள் நாச்சிமுத்துவை நுழைத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். தூள் ஓட்டிய அன்று விறகு வேறு ஈரம். எவ்வளவு புகை ஏறியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ராஜப்ரியா கரண்டியிலிருந்து சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பித்தளைச் சொம்பில் துப்பினார். தேயிலைக்கு விலை வைக்கிறவர்கள் விழுங்குவதில்லை, விழுங்குகிறவர்களை யாரும் கேட்பதுமில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார்.

"மழையில நனைஞ்ச மண்ணு. அதுக்குப் பின்னாடி ஒரு புகை. இது அந்தச் சரிவோட குணம், வேற எங்கயும் கிடைக்காது. யார் செஞ்சது?"

எல்லாரும் நாச்சிமுத்துவின் கோட்டைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால் ஆர்டர் போகும், முந்நூறு பேருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் தன் ஆயுளிலேயே மோசமான தூளுக்கு அவர்தான் தகப்பன்.

"நானுங்க."

"இந்தப் புகையை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"இந்தப் பதத்துக்கு வர மூணு வருஷமாச்சுங்க" என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ராஜப்ரியா உருகிப்போய்க் குறித்துக்கொண்டார்.

மூன்று வருஷமாக வராத வெல்டர் அன்று சாயங்காலம் வந்தார். அருவங்காட்டு ரஹ்மத்துல்லா, சிலிண்டரும் கையுமாக. அதற்குள் சுஜித் குழாயைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் தொடக்கூடாது என்று அட்டை மாட்டியிருந்தார்.

"ஏனுங்க, ஓட்டையை அடைக்கத்தானே வரச்சொன்னீங்க?" என்றார் ரஹ்மத்துல்லா.

"ஓட்டைக்கு ஆர்டர் வந்திருச்சுங்க பாய். போயிட்டு வாங்க" என்று நாச்சிமுத்துவே அவரைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் பாக்கெட் அச்சாகி வந்தது. கறுப்பு அட்டையில் தங்க எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். மேலே 'எட்டாம் நம்பர் காடு', அதற்குக் கீழே 'தயாரித்த கலைஞர்: நாச்சிமுத்து'. ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார். அன்னக்கிளி பால் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தப் புண்ணியவானுங்க தூளை இப்படிப் புகைய உட்டது? நீங்க இருக்கறப்பவா இது வெளிய போகுது?" பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "இதுல யாரு பேராச்சும் போட்டிருக்குதுங்களா?"

நாச்சிமுத்து பாக்கெட்டை வாங்கி, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"இல்ல" என்றார். "எஸ்டேட் பேரு மட்டுந்தான் இருக்குது."