நாற்பது வினாடி உட்காருங்கள்

என் அக்கா ஓரிடத்தில் உட்காராத ஜென்மம். சாப்பிடும்போதுகூட அடுப்பைப் பார்க்க, கதவைப் பார்க்க என்று நாலு தடவை எழுவாள். அவளைப் போய்க் கலைக்கூடத்தில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அங்கே டிக்கெட் கொடுப்பவள் நான். அவளை வேலைக்குச் சொல்லிவிட்டதும் நான்தான். அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

அவள் காவல் காத்தது அணுகுண்டைப் பற்றிய ஒலி ஒளிக் காட்சியை. இருட்டறை. முதலில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், குழந்தைகளின் சிரிப்பு. பிறகு அபாயச் சங்கு. நாற்பது வினாடி அலறி நின்றதும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். அப்புறம் ஒன்றுமே இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, நாள் முழுக்க இதே கூத்து. சங்கு ஊதினால் ஜனங்கள் பதறி எழுந்து இருட்டில் முட்டிக்கொள்வார்கள். அதனால் அக்கா குரல் கொடுக்க வேண்டும்: "பயப்படாதீங்க, உட்காருங்க. நாப்பது செகண்டுல நின்னுடும்."

மூன்று மாதத்தில் அது அவள் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "வேற ரூமுக்கு மாத்தச் சொல்லேன்க்கா" என்றால், "எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன்" என்று எரிந்து விழுவாள்.

ஒரு விடுமுறை நாளில் தன் ஆறு வயது மகளையும் கூட்டி வந்திருந்தாள். மதியம் கட்டடத்தின் தீ அலாரம் அலறியது. மாடியில் மின்சார அறையிலிருந்து புகை. எல்லோரும் வெளியே ஓடினோம். வாசலில் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம், குழந்தையைக் காணோம்.

ஓடிப்போய் இருட்டறைக் கதவைத் திறந்தேன். பதினாறு பேர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் குழந்தை, காதைப் பொத்திக்கொண்டு.

"அம்மா, இன்னும் நிக்கலையே" என்றது.

"நின்னுடும்டா கண்ணு. மெஷின் மக்கர் பண்ணுது" என்றாள் அக்கா.

"அடிப்பாவி, நெஜமாவே தீப்பிடிச்சிருக்குக்கா! எழுந்திரு!" என்று கத்தினேன்.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அந்தக் காட்சியை உருவாக்கிய கலைஞர் ஓடோடி வந்தார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அறை வாசலிலேயே அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர்கூட எழுந்திரிக்கலையாமே! அற்புதம்மா! நீங்க சொல்றதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி சங்கோட சேர்த்துடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் உள்ளே சங்கு ஊதியது. ஜனங்கள் பதறி எழுந்தார்கள். அக்கா குரல் கொடுக்கவில்லை. கதவை அகலத் திறந்து முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள். வெயில் அறைக்குள் விழுந்தது.

"கதவை மூடுங்கம்மா, காட்சியே கெட்டுப்போகுது! அவங்களை உட்காரச் சொல்லுங்க!"

"சொன்னா உட்காந்துடறாங்க சார்" என்றாள் அக்கா. "நேத்து எம்பொண்ணும் உட்காந்தா."