ஒரே கல்லறைக்கு இரண்டு வீட்டு மெழுகுவர்த்தி

கொரோனா அடங்கி, கல்லூரிகள் பழையபடி நடக்க ஆரம்பித்திருந்த சமயம். என் மூத்த மகள் பெரம்பலூரில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருப்பது அரியலூர் மாவட்டத்தில், வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் முந்திரிக்காடு உண்டு. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்தில் ஏற்றிக்கொண்டு போய் சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டு வருவார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் கடலை மடித்து வரும் காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறிய மாட்டேன். படிப்பதைவிட அதிகமாகப் பேசுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் குடும்பக் கதை முழுவதும் எனக்குத் தெரிந்திருக்கும். யாராவது ஒரு விஷயத்தை அழகாகச் சொல்லிவிட்டால் அந்த வார்த்தை எனக்கு மறக்கவே மறக்காது.

அப்படி ஒரு வார்த்தையை அந்த விடுதிக் காப்பாளர் அம்மா போனில் சொன்னார். "உங்க பொண்ணு நடக்குறதப் பாத்தீங்களாம்மா? ஒவ்வொரு அடிக்கும் தரைகிட்ட கேட்டுட்டுக் கால வைக்குது."

ஓடிப்போய்ப் பார்த்தோம். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். இரண்டு கால்களும் விறைத்துப்போய், முழங்கால் மடங்க மறுத்தது. "என்னடி ஆச்சு?" என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்ததாகக் கூடப் படிக்கும் பெண் சொன்னாள். அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. முந்திரிக்கொட்டை எடுக்க வரும் வியாபாரி மூட்டை எடைகளை கால்குலேட்டரில் தட்டி முடிப்பதற்குள், அடுப்படியிலிருந்தே கூட்டிச் சொல்கிற பிள்ளை அவள்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"லவ்வு கிவ்வு ஏதாச்சும் இருக்கும்க்கா. செல்லப் புடுங்கிப் பாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"முந்திரிக்காட்டுல தனியா போயிருப்பா, பயந்துருப்பா" என்றார் நாத்தனார். "முருங்கக்கீரை குடு, தானா சரியாயிடும்" என்றார் இன்னொருவர்.

கீரையும் கொடுத்தோம். ஏலாக்குறிச்சிக்கு நடந்தே போய் மாதாவிடம் வேண்டிக்கொண்டோம். ரத்தம் குறைவு என்று ஒரு டாக்டர் ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மனச்சோர்வு என்று இன்னொருவர் வேறு மாத்திரை எழுதினார். எல்லாரும் நல்ல மனசோடுதான் பார்த்தார்கள். ஆனால் மகள் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனாள். சுவரைப் பிடித்து நடந்தவள் ஆளைப் பிடித்து நடந்தாள். பிறகு அதுவும் முடியவில்லை. பேச்சு குறைந்து குறைந்து, கடைசியில் "ம்" என்ற ஒரு சத்தம் மட்டும் மிச்சம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கண் திறந்திருக்கும். உள்ளே என் பிள்ளை இருக்கிறாளா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. செத்துப்போனவர்களுக்கு அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும்போதே காணாமல் போகிறவளுக்கு எப்படி அழுவது?

தெரிந்த ஆசிரியர் ஒருவர் சொல்லி, அக்டோபர் கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்புப் பிரிவில் வயதில் சின்ன டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ரப்பர் சுத்தியலால் மகளின் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளி அடங்கியது. பழைய சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?"

"இல்லைங்க மேடம். அசல்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

இதற்கு முன் கேட்ட எல்லா டாக்டரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தோம். பொய்யில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன், சொந்த அத்தை மகன், சொந்த மாமன் மகன் என்று கட்டினால்தான் சொந்தம். மற்றதெல்லாம் அசல். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் அறிவித்தபோதுகூட யாரும் வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். "அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆயிடுங்க."

என் வாய் சும்மா இருக்காதே. "அடுத்த வாரம் கல்லறைத் திருநாள் வருதுங்கம்மா. அது முடிஞ்ச மறுநாள் வந்துடுறோம். மெழுகுவத்தி ஏத்தணும்."

"யாருக்கு, உங்க அப்பா அம்மாவுக்கா?"

"அவங்களுக்கும்தான். எங்க பொறந்த ஊர்ல எங்க பூட்டன் கல்லறை ஒண்ணு இருக்குதுங்க. வெள்ளையடிச்சு, சாமந்திப் பூ போட்டு, எங்க வூட்டு ஆளுங்களும் இவரு வூட்டு ஆளுங்களும் அங்கதான் கூடுவோம். மெழுகுவத்தி வைக்க எடம் பத்தாம வருசா வருசம் சண்டை வரும்."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "இவரு வீட்டு ஆளுங்க எதுக்கு உங்க பூட்டனுக்கு ஏத்துறாங்க?"

"அவரு இவருக்கும் பூட்டன்தானுங்களே. மகன் வழியில நான், மகள் வழியில இவரு."

வீட்டுக்காரர் என்னை முழங்கையால் இடித்தார். "மேடத்துகிட்ட என்னத்தப் பேசிட்டிருக்க நீ? அது எந்தக் காலத்துச் சங்கதிங்க மேடம். சொந்தத்துல சேத்தியில்ல."

"உங்க கணக்குல சேத்தியில்லங்க சார்" என்றார் டாக்டரம்மா. அவர் குரலே மாறியிருந்தது. "ரத்தத்தோட கணக்கு வேற. அதுகிட்ட அசல்னு சொன்னா நம்பாது."

அடுத்த வாரம் என்ற பேச்சு அதோடு போயிற்று. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அப்போதே அட்மிட் செய்து, ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வைத்தால் அளவு மாறிவிடுமாம். ஹோமோசிஸ்டீன் என்று ஒரு பொருள், எல்லார் ரத்தத்திலும் துளி இருப்பது, என் மகளுக்குப் பல மடங்கு ஏறிக் கிடந்தது. மரபணுப் பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று மருந்தை ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் இருவரையும் மகள் கட்டிலருகே உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "சார், நீங்க ஏத்திட்டுப் போற கல்ல அப்படியே வெச்சு வூடு பூச முடியுமா?"

"அது எப்படிங்க? ஆலையில போயி சிமெண்டா ஆகி வரணும்."

"கீரையில இருக்குற சத்தும் அந்தக் கல்லு மாதிரிதான். ஃபோலேட்னு பேரு. உடம்புல அத மாத்திக் குடுக்க ஒரு ஆலை இருக்கு. உங்க பொண்ணுக்குப் பொறப்புலேயே அந்த ஆலை சரியா ஓடல. எவ்வளவு கீரை, எவ்வளவு ஃபோலிக் ஆசிட் குடுத்தாலும் கல்லு குவியுமே தவிர சிமெண்ட் வராது. அதான் மூளையும் நரம்பும் பட்டினி கெடந்துருக்கு. இப்ப நாம இந்த மாத்திரையில நேரா சிமெண்டாவே எறக்குறோம். கூட ஒரு தூள் இருக்கு. அது ரத்தத்துல குவிஞ்ச கழிவ வேற ரூட்டுல கொண்டுபோயி நல்ல பொருளா மாத்திரும்."

அப்போதுதான் அந்தப் பூட்டன் கணக்கு எனக்குப் புரிந்தது. முகம்கூடத் தெரியாத பூட்டனோ பூட்டியோ, அவர்களிடம் இருந்த ஒரு சின்னப் பிசகு மகன் வீட்டு வழியாக ஒன்றும் மகள் வீட்டு வழியாக ஒன்றுமாக நடந்து வந்து, என் வயிற்றில் சந்தித்திருக்கிறது. எத்தனை கல்யாணம், எத்தனை ஊர், எத்தனை பிரசவம் தாண்டி. வழியில் ஒருவரைக்கூட அது தொந்தரவு செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப எங்களாலதானுங்களா?"

"யாராலயும் இல்ல சார். அந்த ஆலைய ஓட்டுற ஜீன் எல்லாருக்கும் ரெண்டு இருக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. நல்லது வேலையப் பாத்துக்கும், அதான் உங்களுக்குத் தெரியல. இவளுக்கு ரெண்டு பக்கமும் பழுதே வந்து சேந்துடுச்சு."

பிறகு, ஏமாற்றாமல் ஒன்று சொன்னார். "போனதெல்லாம் திரும்பிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா. இனிமே போகாது. அதுக்கு மேல வர்றதெல்லாம் லாபம்."

மரபணு முடிவும் அதையே சொன்னது. அவள் தங்கைக்கும் ரத்தம் பார்த்தார்கள். எங்களைப் போலவே ஒன்று நல்லது, ஒன்று பழுது. அவளுக்கு ஒன்றும் செய்யாது, கல்யாணம் பேசும்போது மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள். பெரியவளுக்கு எப்போதாவது ஆபரேஷன் என்றாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். சிரிப்பு வாயு என்கிறார்களே, அது இவளுக்கு ஆகாது. சொந்தத்தில் ஒரு பெண் செல்லில் எதையோ பார்த்துவிட்டு, "எனக்கும் கை கால் வலிக்குது, எனக்கும் அந்த ஜீன்தான்" என்று ஒரே பிடியாக நின்றாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்த ஜீன்ல லேசான மாத்தம் பாதி ஊருக்கு இருக்கும்மா. அது ஒண்ணும் பண்ணாது. இவளுக்கு வந்தது ரொம்ப அபூர்வம். நெட்டப் பாத்து யாரும் டெஸ்ட் எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவளுக்கு என்மேல் இன்றும் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்தோம். தினமும் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பேன். மாத்திரை, நர்ஸ் வந்து போடும் பி12 ஊசி. கொடுத்துக்கொண்டே பேசுவேன். அவள் பேசாததற்கும் சேர்த்து நானே பேசினேன்.

கிறிஸ்துமஸ் வந்தது, எந்த மாற்றமும் இல்லை. தவக்காலத்தில் ஒருநாள் டம்ளரை நீட்டினேன், கையை நீட்டி அவளே வாங்கிக்கொண்டாள். ஈஸ்டருக்கு இரண்டு பேர் தோள் பிடித்து வாசல்வரை வந்தாள். "ம்" போய், "வேணாம்", "போதும்" என்று ஒற்றை ஒற்றை வார்த்தைகள் வந்தன. அதற்கே நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முந்திரி பொறுக்கும் காலம். வாசலில் கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து குந்தினாள். மகள் உள்ளே நாற்காலியில்.

"அந்தத் தூளு என்னதான்க்கா பண்ணுது?" என்று கேட்டாள்.

எனக்கா சொல்லத் தெரியாது? "அது சிமெண்டு மாதிரிடி. ஒடம்புக்குள்ள போயி அப்படியே பூசிவுட்டுரும்" என்று ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஒரு குரல் வந்தது. "அம்மா. தூள் சிமெண்ட் இல்ல. மாத்திரைதான் சிமெண்ட். தூள், கழிவ மாத்துறது."

என் கையிலிருந்த முறம் சாய்ந்து கொட்டை எல்லாம் கீழே கொட்டியது. உள்ளே ஓடினேன்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"டாக்டர் சொன்னாங்கல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நானும் அங்கதானம்மா இருந்தேன்."

கல்லாகக் கிடந்தாள் என்று நாங்கள் நினைத்த அந்தக் கட்டிலில், அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். "பின்ன ஏன்டி சாமி ஒரு வார்த்தை பேசல? நான் இவ்வளவு நாளா தனியாவே பொலம்பிட்டுக் கெடந்தேனே?"

அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு புறப்பட்டது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நீ பேசுனதெல்லாம் கேட்டுச்சும்மா. பதில் சொல்லலாம்னு வார்த்தையத் தேடி எடுத்துட்டு வருவேன். வர்றதுக்குள்ள நீ அடுத்த கதைக்குப் போயிடுவ."

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லா கேட்டுக்கக்கா. ஊரே சொல்ல நெனச்சத உன் பொண்ணு சொல்லிட்டா" என்றாள்.

இப்போது மகள் பெரம்பலூருக்கே திரும்பிப்போய் விட்ட படிப்பைத் தொடர்கிறாள். களைத்துப்போனால் இடது கால் கொஞ்சம் இழுக்கும். தூளும் மாத்திரையும் ஆயுள் முழுக்க உண்டு. நான் பேச்சைக் குறைத்துவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். ஆனால் யாரிடமாவது ஒன்றைக் கேட்டுவிட்டால் மட்டும், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை தூரத்திலிருந்து, எவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வார்த்தை வந்துகொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.