ஹனோரா பிடுங்கிய நரை

கல்யாணமாகி வந்த ஏழு வருடங்களாக, தோணிகள் கரையை விட்டுப் போன பிறகுதான் எத்னாவுக்கு விடியல். அயர்லாந்தின் மேற்குக் கடலில் இருந்த அந்தச் சிறு தீவில், சிவப்பு முடிக்காரி எதிரே வந்தால் எந்த மீனவனும் அன்று கடலில் இறங்கமாட்டான். எத்னாவின் தலையோ கொல்லன் உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த இரும்பு.

"தினம் உன் மூஞ்சியிலதானே முழிக்கிறேன், எனக்கு மீன் படலையா?" என்று கணவன் கோல்மன் சிரிப்பான். மாமியார் ஹனோரா சிரிக்கமாட்டாள். சனிக்கிழமைதோறும் மகனை ஜன்னலோரம் உட்காரவைத்து, கறுத்த தாடியில் நரை பிடுங்குவாள். பிடுங்கியதை யாருக்கும் காட்டாமல் அடுப்பில் போடுவாள்.

மகள் நெஸா கறுப்பு முடியோடு பிறந்தபோது தீவே நிம்மதியாக மூச்சுவிட்டது. அந்த முடி உதிர்ந்து, புது முடி செம்பு நிறத்தில் துளிர்த்தது.

"எங்க வம்சத்துல இது கிடையாது. எல்லாம் உன் ரத்தம்" என்று ஹனோரா குழந்தைக்குக் குல்லாயை மாட்டினாள்.

ஒரு நாள் காலை, கோல்மன் கரைக்குப் போன பிறகு நெஸாவுக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் வீட்டுக்குத் தோணித்துறை வழியாகத்தான் போகவேண்டும்.

ஹனோரா கதவை மறித்தாள். "தோணி போகட்டும்டி. கொஞ்ச நேரம்தான்."

"அதுவரைக்கும் இவ தாங்குவாளா அத்தை?"

எத்னா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். துறையில் காற்று அவள் தலையை மூடியிருந்த சால்வையைப் பறித்தது. ஹனோராவின் தங்கை மகன் ஃபெஸ்டி காறித் துப்பினான்.

"போச்சு! அண்ணே, உன் பொண்டாட்டிய வீட்டுல கட்டி வைக்கக் கூடாதா?"

துடுப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கோல்மனின் முகம் இறுகியது.

"நீ நர்ஸ்கிட்ட ஓடு எத்னா." பிறகு கூட்டத்தைப் பார்த்தான். "இவ முகத்தப் பாத்தா சாவுன்னா, நான் செத்து ஏழு வருஷம் ஆயிருக்கணும்டா!"

தன் தோணியைத் தனியாகவே தள்ளிக்கொண்டு போனான்.

நண்பகலில் குழந்தைக்கு மூச்சு சீரானது. அதே வேளையில் மேற்கு வானம் கறுத்தது.

மறுநாள் கடல் அவனைக் கரையில் போட்டது.

உடலைச் சுற்றி ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். "அவ முடிதான் முழுங்கிடுச்சு" என்றான் ஃபெஸ்டி. "அவ வரலைன்னா நாமளும் போயிருப்போம்" என்றது ஒரு குரல். எத்னாவை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஹனோரா மகனின் முகத்தை ஈரத் துணியால் துடைத்தாள். சட்டென்று அவள் விரல்கள் தாடிக்குள் நுழைந்தன. எத்னா குனிந்து பார்த்தாள். நரை இல்லை. இரண்டு சிவப்பு முடிகள்.

"இதத்தான் நரைன்னீங்களா அத்தை?"

"மெதுவாப் பேசுடி. எங்கம்மாவுக்குத் தலை பூரா இதே நிறம். தெரிஞ்சா இவன எவன் கடல்ல சேத்துப்பான்?"

எத்னா அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். இடுப்பிலிருந்த நெஸாவின் குல்லாயைக் கழற்றி, குழந்தையைத் தகப்பன் தாடியருகே தூக்கிப் பிடித்தாள்.

"இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோரும் பார்த்தார்கள். ஃபெஸ்டியின் கை மெல்ல மேலே வந்து, அவனுடைய தாடியை மூடிக்கொண்டது.